கம்புத் தட்டுக்கு வந்த மஞ்சள் தொண்டை

16 ஜனவரி 2025, காலை 9.40

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போகும் வழியில், தோட்டத்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னால் மூன்று ஆண்டுகளாகக் கம்பும் குருணையும் போட்ட மண் தட்டு ஒன்றையும், அதற்குப் பத்தடி தள்ளித் தண்ணீர்த் தட்டு ஒன்றையும் வைத்து வருகிறேன். வழக்கமாக வருவோர் யார் யார் என்பது எனக்கு மனப்பாடம். வீட்டுச் சிட்டுகள் இருபது முப்பது, புள்ளிச் சில்லைகள் ஒரு கூட்டம், புள்ளிப்புறா இரண்டு, தவிட்டுக்குருவிகள், தண்ணீருக்கு மட்டும் வரும் கொண்டைக்குருவிகள்.

இன்று காலை ஏழேகால் மணிக்குச் சிட்டுகளின் நடுவே, தொண்டை முழுவதும் மஞ்சளாக ஒரு குருவி அமர்ந்து கம்பு கொத்திக்கொண்டிருந்தது. உருவத்தில் சிட்டுதான். பதினைந்து நொடிகூட இருக்கவில்லை. நான்கு படங்கள் எடுப்பதற்குள் தவிட்டுக்குருவிகள் வந்து இறங்கி எல்லாவற்றையும் கலைத்துவிட்டன. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று முடிவு செய்து, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக, பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் எழுதிய இன்றைய பட்டியலில் சேர்த்துவிட்டேன். இந்தத் தோட்டத்தில் இதுவே முதல் பதிவு. இது வேறு எதுவாகவும் இருக்க முடியுமா?

16 ஜனவரி, இரவு

படங்கள் தெளிவாக இல்லை. முதல் படத்தில் தலை மட்டும், இரண்டாவதில் பாதி உடலைச் சில்லை மறைக்கிறது, மூன்றாவது நன்றாக இருக்கிறது, நான்காவதில் பறவை கிளம்பிவிட்டது. மூன்றாவது படத்தை, படம் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியில் கொடுத்தபோது அது வீட்டுச் சிட்டு என்றே முதலில் சொன்னது. கூட்டத்தில் மற்றச் சிட்டுகளும் சேர்ந்து படத்தில் விழுந்திருப்பதால் செயலி குழம்பியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

17 ஜனவரி

மஞ்சள் தொண்டைச் சிட்டின் மேல் எனக்கு இவ்வளவு ஆசை ஏன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பறவை நோக்குவோருக்கு இந்தக் குருவி ஒரு குலதெய்வம் போன்றது. 1896-இல் பிறந்த பறவையியலாளர் சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார்; கையில் எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜிக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர் கொடுத்த அறிமுகத்தோடு சிறுவன் அந்தப் பறவையை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போக, அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். இந்தியப் பறவையியலில் சாலிம் அலியின் வாழ்க்கை தொடங்கிய இடம் அந்தத் தொண்டையின் மஞ்சள்தான்.

பள்ளிக்கூட நாளில் இந்தக் கதையைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு சிட்டின் கழுத்தையும் நான் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது என் வீட்டுத் தட்டுக்கே வந்திருக்கிறது என்பதை எழுதும்போதே நெஞ்சு நிறைகிறது.

18 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, சத்தியமங்கலம் பக்கத்தில் பல ஆண்டுகளாகப் பறவை பார்த்து வரும் ஒருவர் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: “முதுகு எப்படி இருந்தது?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதினைந்து நொடியும் நான் தொண்டையை மட்டுமே பார்த்திருக்கிறேன். முதுகில் கோடுகள் இருந்தனவா, தோளில் செம்பழுப்புத் திட்டு இருந்ததா, இறக்கையில் வெள்ளைப் பட்டை எத்தனை, கண்ணுக்குப் பின்னால் வெளிர் கோடு இருந்ததா, அலகு தடிப்பா ஒல்லியா — இவற்றில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. கம்பைக் கொத்திய விதம்கூட நினைவில் இல்லை. மஞ்சள் மட்டும் இருக்கிறது, அதுவும் நாளுக்கு நாள் கூடுதலாக மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

எனவே மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். அதில் தெரிவதை உள்ளபடியே எழுதுகிறேன்:

முதுகில் கருப்பும் வெளிர் பழுப்புமாக நீளக் கோடுகள் தெரிகின்றன. மஞ்சள் தொண்டைச் சிட்டின் முதுகு கோடே இல்லாத சாம்பல் கலந்த பழுப்பு. கண்ணுக்குப் பின்னால் வெளிர் நிறக் கோடு நன்றாகத் தெரிகிறது. அது பெண் வீட்டுச் சிட்டின் முகம். அலகு தடித்த கூம்பு.

இதற்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம் தூக்கணாங்குருவி. அதற்கும் முதுகில் கோடு உண்டு, அலகு தடிப்பு, ஆணுக்கு மஞ்சளும் உண்டு. ஆனால் தூக்கணாங்குருவி ஆண் மஞ்சளாவது இனப்பெருக்கக் காலத்தில்தான், அப்போதும் மஞ்சள் நிற்பது உச்சந்தலையிலும் மார்பிலும். முகமும் தொண்டையும் கருத்தே இருக்கும். தை மாதத்தில் ஆணும் பெண்ணும் ஒரே போலப் பழுப்பாகச் சிட்டுக் கூட்டத்தோடு திரியும். ஆகவே அதுவும் பொருந்தவில்லை.

பட்டியலை இன்னும் திருத்தவில்லை. மனம் வரவில்லை என்பதே உண்மை.

21 ஜனவரி

இன்று தட்டில் ஓர் ஆண் வீட்டுச் சிட்டு. கருப்புத் தாடி, சாம்பல் உச்சி, எல்லாம் சரியாக இருந்தன. அந்தச் சாம்பல் உச்சியின் மேல் மஞ்சள்.

22 ஜனவரி

விஷயம் விளங்கிவிட்டது, நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்துக்கு வடக்கே, வாய்க்காலைத் தாண்டி, அண்ணன் ஒருவர் மஞ்சள் வெள்ளாமை செய்கிறார். விலை வரட்டும் என்று சென்ற ஆண்டு மஞ்சளை மூட்டை கட்டி இருப்பு வைத்திருந்தவர், புது மஞ்சள் வெட்டுவதற்கு முன் பழையதை விற்றுவிடலாம் என்று பொங்கலுக்கு முன்பிருந்தே டிரம்மில் போட்டு மெருகேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வேகவைத்துக் காயவைத்த விரலி மஞ்சள் டிரம்முக்குள் ஒன்றோடொன்று உரசும்போது மேல்தோலும் வேரும் தூளாக உதிர்ந்து கீழே கொட்டும். களத்தின் ஓரத்தில் அந்தத் தூள் கால் அடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

காலை எட்டு மணிக்கு அந்தக் குவியலின் சரிவில் ஒன்பது சிட்டுகள் மண் குளியல் எடுத்துக்கொண்டிருந்தன. மார்பைத் தரையில் அழுத்தி, இறக்கைகளை அடித்து, தலையைச் சாய்த்துத் தூளுக்குள் செருகி எடுத்து, எழுந்து சிலிர்த்துக்கொண்டன. சிலிர்த்த சிட்டைச் சுற்றி மஞ்சள் புகை எழுந்து வெயிலில் நின்றது. அரை மணி நேரம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலானவற்றில் தூள் உடனே உதிர்ந்துவிடுகிறது. டிரம் கழுவிய தண்ணீர் தேங்கிய இடத்தில் முதலில் நனைந்துவிட்டுப் பிறகு தூளில் புரண்டவற்றில் மட்டும் அப்பிக்கொள்கிறது.

நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் அண்ணன், “ரெண்டு வாரமா இதுங்களுக்கு இங்கதாங்க குளியல். எங்க வீட்டுப் பூனைகூட மஞ்சளாத்தான் திரியுது, பாருங்க” என்றார்.

வீடு திரும்பியதும் மூன்றாவது படத்தை மீண்டும் பார்த்தேன். இப்போது கண்ணுக்குப் படுவது எல்லாம் முதல் நாளே படத்தில் இருந்தவைதாம். மஞ்சள் தொண்டையில் ஓர் எல்லையோடு நிற்கவில்லை. தாடையிலிருந்து மார்பின் இடது பக்கமாகத் திட்டுத் திட்டாக வழிந்திருக்கிறது. அலகின் அடியிலும் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. கால் நகங்களின் ஓரத்திலும் இருக்கிறது. எந்தப் பறவைக்கும் இறகின் நிறம் நகத்துக்குப் பரவாது.

23 ஜனவரி

ஈபேர்ட் பட்டியலைத் திருத்திவிட்டேன். மஞ்சள் தொண்டைச் சிட்டு நீக்கப்பட்டு, வீட்டுச் சிட்டின் எண்ணிக்கை ஒன்று கூடியது. 2015-இலிருந்து ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பலர் எழுதி வரும் பட்டியல்கள் அவை. நாளைக்கு யாரோ ஒருவர் இந்த வட்டாரத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் இருந்தது என்று தேடும்போது, என் ஆசை அங்கே ஒரு புள்ளியாக நின்று அவரை வழிதவற வைத்துவிடக் கூடாது.

17-ஆம் தேதி எழுதியதை நீக்காமல் விட்டுவைக்கிறேன். சாலிம் அலி கதை உண்மைதான், ஆனால் அந்தக் கதை எனக்குள் முப்பது ஆண்டுகளாக ஒரு பறவையை வளர்த்து வைத்திருந்தது, தட்டில் மஞ்சள் தெரிந்த நொடியில் அது வெளியே பறந்து வந்து உட்கார்ந்துகொண்டது என்பது இப்போது புரிகிறது. இன்னொன்றும் தோன்றுகிறது. தமிழில் மஞ்சள் தொண்டை, ஆங்கிலத்திலும் மஞ்சள் தொண்டை, அறிவியல் பெயரில் வரும் சாந்தோகாலிஸ் என்பதற்கும் மஞ்சள் கழுத்து என்றே பொருள். மூன்று பெயர்களும் சேர்ந்து நம் கண்ணைப் பிடித்துத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகின்றன. அந்தச் சிறுவன் கையில் பறவை இருந்தது, திருப்பித் திருப்பிப் பார்க்க முடிந்தது. நமக்குக் கிடைப்பது பதினைந்து நொடி.

இனி நான் செய்யப்போவது இதுதான். புதிதாக ஒன்று வந்தால், புத்தகத்தையோ செயலியையோ திறப்பதற்கு முன், முதுகு, இறக்கை, முகம், அலகு, வால், கால் என்ற வரிசையில் பார்த்ததைத் தாளில் எழுதிவிடுவேன். நிறத்தைக் கடைசியில் எழுதுவேன். படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் படத்தில் இருப்பதெல்லாம் நாம் பார்த்ததாக மாறிவிடுகிறது.

24 ஜனவரி

செயலி குழம்பியது என்று 16-ஆம் தேதி எழுதியிருந்தேன். அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

2 பிப்ரவரி

அந்தப் பெண் சிட்டு இன்றும் வந்தது. வால் இறகில் ஒன்று உடைந்திருப்பதால் அதே பறவைதான் என்று சொல்ல முடிகிறது. தொண்டையின் மஞ்சள் வெளுத்து, சந்தனம் காய்ந்த நிறத்துக்கு வந்துவிட்டது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அதில் வியப்பே இல்லை. வேட்டியில் குழம்பு கொட்டிவிட்டால் துவைத்து வெயிலில் போட வேண்டும், சோப்புப் போட்டதும் கறை சிவக்கும், பயப்படக் கூடாது, இரண்டு நாள் வெயிலில் தானாகப் போய்விடும் என்றார். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலந்தால் மஞ்சள் நீர் சிவப்பதும், சாயம் போட்ட துணியைவிட மஞ்சள் நனைத்த துணி வெயிலில் சீக்கிரம் வெளுப்பதும் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததே. இறகில் பிறவியாக உள்ள நிறம் இரண்டு வாரத்தில் வெயிலில் போய்விடாது. ஐயமான பறவை ஒன்று தினமும் அதே தட்டுக்கு வருமானால், நாள் செல்லச் செல்ல அதன் நிறம் என்ன ஆகிறது என்று குறித்து வைப்பதும் ஒரு சோதனைதான் என்று இதனால் கற்றுக்கொண்டேன். சாயம், மகரந்தம், குங்குமம், எண்ணெய், கரி என்று ஊருக்குள் வாழும் பறவைகள்மேல் எது வேண்டுமானாலும் ஒட்டும்.

16 பிப்ரவரி

உலகெங்கும் வீட்டுத் தோட்டப் பறவைகளைக் கணக்கெடுக்கும் நான்கு நாட்கள் நடந்துகொண்டிருக்கின்றன. இன்று மூன்றாம் நாள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் அமர்ந்து எழுதினால் போதும். இன்று காலை 11 இனங்கள். புதியவர் யாரும் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முன்பெல்லாம் எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு சிட்டின் முதுகையும் பார்க்கிறேன்.

பவானியிலிருந்து ஒருவர், தன் வீட்டுச் சோற்றுப் பருக்கைக்கு “மஞ்சள் தலையும் பழுப்பு உடலும் கொண்ட கழுகு போன்ற சிறு பறவை” வருவதாகப் படத்தோடு கேட்டிருக்கிறார். அது நம் மைனாதான். மைனாவுக்குத் தலை இறகு உதிர்ந்து வழுக்கையாகிவிட்டால் அடியில் இருக்கும் தோல் நல்ல மஞ்சளாகத் தெரியும். காது ஓட்டை வெளியே தெரிவதாலும் கழுத்து மெலிந்து காட்டுவதாலும் பார்ப்பவருக்கு வேறு பறவை என்றே தோன்றும். உண்ணிகளாலோ இறகு மாற்றத்தின்போதோ இப்படி ஆகும். மூடிக்கொள்ளுங்கள் தலையை, கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்: காபி நிற உடல், மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டு, வால் நுனியில் வெள்ளை. மைனாவைத் தவிர வேறு யார்?

16 பிப்ரவரி, சற்றுப் பிறகு

மேலே “மூடிக்கொள்ளுங்கள் தலையை” என்று எழுதியது அவசரத்தில் வந்தது. படத்தில் தலைப்பகுதியை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. இந்த முறை எனக்கு நன்றாகப் பயன்படுகிறது. எந்த ஓர் அடையாளம் நம்மை வியக்க வைக்கிறதோ அதை மறைத்துவிட்டு, மீதிப் பறவையை மட்டும் பார்த்து அதன் பெயரைச் சொல்ல முயல வேண்டும். மீதிப் பறவை தினமும் பார்க்கும் பறவையாக இருந்தால், வியப்புக்குரிய அந்த ஒன்றுக்குத்தான் காரணம் தேட வேண்டும். வெள்ளைக் காகம், வெள்ளைத் திட்டு விழுந்த சிட்டு ஆகியவற்றுக்கும் இதே வழிதான். அவை நிறமி குறைந்து பிறந்த பறவைகள்.

5 மார்ச்

இரண்டு கேள்விகள், சுருக்கமாகவே பதில்.

சில்லைகளோடு வரும், புள்ளியோ செதிலோ இல்லாத, வெறும் பழுப்பு நிறக் குட்டிப் பறவை புள்ளிச் சில்லையின் இளம் பறவை. வயிற்றில் செதில் வடிவம் பின்னால்தான் வரும். யாரோடு வருகிறது என்று பாருங்கள்.

தட்டுக்கு மேலே வேப்பமரத்தில் “வல்லூறு” வந்து உட்கார்ந்ததும் சிட்டுகள் எல்லாம் சிதறின, ஆனால் அது யாரையும் துரத்தவில்லை என்பதற்கு அக்காக்குயில் ஒரு விடை. சாம்பல் முதுகு, வரியிட்ட வால், பறக்கும் விதம் எல்லாமே வல்லூறைப் போல இருப்பதால் சிறு பறவைகளே ஏமாறுகின்றன. அலகையும் காலையும் பாருங்கள். வேட்டைப் பறவையின் கொக்கி அலகும் கூர்நகக் காலும் அதற்கு இல்லை. இலைகளுக்கிடையே கம்பளிப்பூச்சி தேடிக்கொண்டிருந்தால் ஐயமே வேண்டாம்.

20 மார்ச்

இன்று உலகச் சிட்டுக்குருவிகள் நாள் என்பதால் என்ன தானியம் வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். நான் வைப்பது கம்பு, தினை, குருணை. அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் குஞ்சமாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவோம். தாத்தா காலத்து வழக்கம், சில்லைகளுக்கும் சிட்டுகளுக்கும் அதைவிட நல்ல விருந்து இல்லை. உப்புப் போட்ட சோற்றை வைக்காதீர்கள்.

இதைவிட முக்கியமானது தூய்மை. ஒரே தட்டில் நாற்பது பறவைகள் வந்து தின்று எச்சமிடும்போது நோய் பரவுவதற்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. நான் வாரம் இரண்டு முறை பழைய தானியத்தைக் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவைத்த பிறகே மறுபடி நிரப்புகிறேன். தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன். இறகைப் புடைத்துக்கொண்டு, கிட்டப் போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் சிட்டைக் கண்டால் இரண்டு வாரம் தட்டையே எடுத்துவிட வேண்டும். புதிய பறவையைப் பார்க்கும் ஆசைக்காக இருக்கும் பறவைகளை நோயில் தள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தண்ணீர்த் தட்டு இரண்டு அங்குல ஆழம் போதும். நம் ஊரில் அபூர்வமான விருந்தாளிகளைக் கொண்டுவருவது தானியத் தட்டைவிடத் தண்ணீர்த் தட்டுதான். பூச்சி உண்ணும் பறவையும் பழம் உண்ணும் பறவையும் கம்புக்கு வராது. வெயில் ஏற ஏறத் தண்ணீருக்கு வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை தொடங்கும் முன்னே ஆறுமணிக்குருவி ஒன்று இரண்டு மாலைகள் இதே தட்டுக்கு வந்தது. இமயமலை அடிவாரக் காடுகள் போன்ற இடங்களில் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை அது.

6 ஏப்ரல், காலை 8.05

முதலில் தாளில் எழுதியதை அப்படியே படியெடுக்கிறேன். புத்தகம் இன்னும் திறக்கவில்லை.

“தண்ணீர்த் தட்டின் விளிம்பு, 7.20. தனியாக வந்தது, சிட்டுக் கூட்டத்தோடு அல்ல. முதலில் வேப்பமரத்தின் காய்ந்த குச்சியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. சிட்டு அளவு, ஆனால் சற்று ஒல்லி. முதுகு: கோடு இல்லை, ஒரே சாம்பல் பழுப்பு. மூன்று முறை பார்த்தேன், கோடு இல்லை. தோள்: செம்பழுப்புத் திட்டு, அதற்குக் கீழே வெள்ளைப் பட்டை, அதற்கும் கீழே மங்கலாக இன்னொன்று. முகம்: வெறுமையாக இருக்கிறது, கண்ணுக்குப் பின் கோடு இல்லை. அலகு: கருப்பு, சிட்டினுடையதைவிட நீளமாகவும் கூராகவும் உள்ளது. குரல்: சில்ப், சில்ப் என்று, சிட்டைவிட இனிமையாகவும் நிறுத்தி நிறுத்தியும். கழுத்து: தாடைக்குக் கீழே வெளிர்வெள்ளை, அதற்குக் கீழே சிறிய மஞ்சள்.”

6 ஏப்ரல், காலை 9.30

மஞ்சள் தொண்டைச் சிட்டு, ஆண். படம் ஏழு. இந்த முறை சத்தியமங்கலத்து நண்பருக்கு முதுகு தெரியும் படத்தை முதலில் அனுப்பினேன். “இதுதான்” என்று ஒரே சொல் பதில் வந்தது.

எழுத வேண்டிய ஒன்று உண்டு. மஞ்சள் மிகச் சிறியது. ஓர் எலுமிச்சை விதையை எடுத்துக் கழுத்தின் அடியில் ஒட்டி வைத்தாற்போல, ஓரம் ஒழுங்காக, தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது முற்றிலும் மறைந்துவிடும் அளவுக்குச் சிறியது. புத்தகப் படங்களைப் பார்த்து நான் எதிர்பார்த்திருந்த மஞ்சள் இதைவிடப் பெரியது. ஜனவரியில் மஞ்சள் களத்துச் சிட்டுக்கு இருந்ததைப் போன்றது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அது தெரியும், இல்லையென்றால் இந்தப் பறவையை அடையாளம் காட்டுவது தோளும் முதுகும்தான்.

கம்பை அது சீண்டவே இல்லை. தண்ணீர் குடித்தது, வேலியோரத்துக் கல்யாண முருங்கையின் பூக்களுக்குள் தலையை விட்டுவிட்டு வந்தது, மறுபடி வேப்பங்குச்சிக்கே போனது. தானியத்தோடு பூந்தேனையும் விரும்பும் பறவை இது. துருக்கியின் தெற்கிலிருந்து ஈரான் வழியாக இந்தியா வரை பரவியிருக்கும் இந்தச் சிட்டு ஊர்க்கூரையில் வாழ்வதில்லை. வறண்ட காட்டில் மரப்பொந்தில் கூடு வைப்பது. பர்கூர் மலையடிவாரம் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் வந்திருக்கிறது. தட்டுக்கு வந்தது என்று சொல்வதைவிட, தட்டில் தண்ணீர் இருந்ததால் நின்றது என்று சொல்வதே சரி.

7 ஏப்ரல்

இன்று இரண்டு. இரண்டாவதற்குத் தொண்டையில் மஞ்சள் இல்லை என்றே சொல்லலாம். நன்றாக வெளிச்சம் விழுந்த ஒரு நொடியில் மட்டும் வெண்ணெய் தடவியது போல ஏதோ தெரிந்தது. அலகு பழுப்பு, தோள் திட்டும் மங்கல். முதுகு கோடில்லாதது, முகம் வெறுமையானது, இறக்கைப் பட்டை இருக்கிறது. பெண்.

ஆணோடு சேர்ந்து வராமல், சிட்டுகளுக்கு நடுவில் தனியாக வந்திருந்தால் இதை நான் ஒரு வீட்டுச் சிட்டாக எண்ணி எழுதியிருப்பேன்.

9 ஏப்ரல்

மேலே எழுதிய கடைசி வரி இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. குளிர்காலம் முழுவதும் எடுத்த படங்களை, தட்டு தெரியும் எல்லாவற்றையும், நேற்று மாலை தொடங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நானூறுக்கும் மேல் இருந்தன. சிட்டுகள் என்று எண்ணி நகர்ந்தவற்றின் முதுகைத் தேடினேன்.

டிசம்பர் 29, காலை 7.48-க்கு எடுத்த ஒரு படம். நான் குறிவைத்தது தட்டின் நடுவில் இருக்கும் சில்லைகளை. அவை தெளிவாக இருக்கின்றன. படத்தின் வலது மூலையில், தண்ணீர்த் தட்டின் விளிம்பில், குவியத்துக்கு வெளியே ஒரு பறவை முதுகு காட்டி அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி மூன்று பெண் வீட்டுச் சிட்டுகள் அதே அளவு மங்கலாக இருக்கின்றன. அந்த மூன்றின் முதுகிலும் கோடுகள் மங்கலாகவேனும் தெரிகின்றன. இதன் முதுகில் தெரியவில்லை. இறக்கையில் வெள்ளையாக ஒரு கீற்று இருக்கிறது. தோள் நிழலில் விழுந்துவிட்டது. தொண்டை மறுபக்கம்.

அன்றைய பட்டியலில் வீட்டுச் சிட்டு 26 என்று போட்டிருக்கிறேன். அதை 25 ஆக்கி, மீதி ஒன்றைச் “சிட்டு வகை, இனம் உறுதியில்லை” என்று மாற்றியிருக்கிறேன். படத்தை இங்கே இணைக்கிறேன். வலது மூலையைப் பெரிதாக்கி, இறக்கைக் கீற்றின் அகலத்தைப் பக்கத்துச் சிட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, உங்களுக்கு என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.